கிட்டார் ஆம்புக்கு ஸ்பீக்கர் வாங்குறதுக்கு முன்னாடி: ஓம்ஸ், வாட்ஸ், டெசிபெல் எப்படி படிக்கிறது

கிட்டார் ஸ்பீக்கர் வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சா முதல்ல கண்ணுல படுறது வாட்ஸ் தான். 25 வாட்ஸ், 60 வாட்ஸ், 75 வாட்ஸ்னு பெருசா போட்டிருப்பாங்க, உடனே புதுசா வர்றவங்க மனசு பெரிய நம்பர் பக்கம் போயிடும், 75 போட்டா 25-ஐ விட மூணு மடங்கு சத்தம் வரும்னு நினைப்பாங்க. அப்படி கிடையாது. லிஃப்ட்ல "8 பேர்"னு போர்டு இருக்கும்ல, அது மாதிரி தான் ஸ்பீக்கர்ல இருக்குற வாட்ஸ், எவ்வளவு தாங்கும்னு மட்டும் தான் அது சொல்லுது. சத்தம் எவ்வளவு வரும்னு சொல்ற நம்பர் வேற, கீழே சின்ன எழுத்துல டெசிபெல்னு கிடக்கும், அதை முக்கால்வாசி பேர் படிக்கிறதே இல்ல. வாட்ஸை மட்டும் பார்த்து காசைப் போட்டுட்டு, "ஏன் பழைய ஸ்பீக்கரை விட சத்தம் கம்மியா இருக்கு"ன்னு கேக்குறவங்க அவ்வளவு பேர் இருக்காங்க.

அதனால ஸ்பெக் ஷீட்டை எந்த வரிசையில படிக்கணும்னு சொல்லிடுறேன். முதல்ல ஓம்ஸ், அதாவது ஸ்பீக்கர் கரண்டை எவ்வளவு தடுக்குதுன்னு சொல்ற நம்பர், ஏன்னா அது தப்பா போனா ஆம்பே போயிடும். அடுத்து வாட்ஸ், அது தப்பா போனா ஸ்பீக்கர் போயிடும். மூணாவது டெசிபெல். இது மூணும் சரியா இருந்தா மட்டும் டோன் பத்தி யோசிங்க. டோன்ல இருந்து ஆரம்பிச்சா யூட்யூப் வீடியோவா பார்த்துட்டு மாசக்கணக்குல உக்காந்திருப்பீங்க.

உதாரணத்துக்கு ஒரு ஆம்பை எடுத்துக்கலாம், ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர். 15 வாட்ஸ், ட்யூப் ஆம்ப், உள்ள ஒரே ஒரு 12 இன்ச் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர். நிறைய பேர் ஸ்பீக்கர் மாத்திப் பார்க்குற ஆம்ப் இது, கணக்கும் சுலபம்.

ஓம்ஸ்: ஆம்ப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க

ஆம்பை திருப்பி வச்சு ஸ்பீக்கர் ஜாக் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க. கிட்டார் உலகத்துல 4, 8, 16 இந்த மூணு தான் பெரும்பாலும் வரும். அதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, "மினிமம்"னு ஒரு வார்த்தை கூட இருந்தா அதையும் விடாம எழுதுங்க, ஏன்னா அந்த ஒரு வார்த்தையில விஷயமே மாறிடும்.

உங்க ஆம்ப் ட்யூபா, ட்ரான்சிஸ்டரான்னு இங்க தெரிஞ்சாகணும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்னா, அதாவது சாலிட் ஸ்டேட், பெரும்பாலும் "மினிமம் 4 ஓம்ஸ்"னு போட்டிருக்கும். அதுக்கு 4 போடலாம், 8 போடலாம், 16 கூட போடலாம், ஒன்னும் ஆகாது, ஓம்ஸ் கூட கூட கிடைக்குற பவர் மட்டும் குறையும். 4 ஓம்ஸ்ல 80 வாட்ஸ் தர்ற ஆம்ப் 8 ஓம்ஸ்ல கிட்டத்தட்ட 50 வாட்ஸ் தரும். ஆனா மினிமத்துக்கு கீழே, 2 ஓம்ஸ் மாதிரி போட்டீங்கன்னா ஆம்ப் தாங்குறதை விட அதிகமா கரண்ட் இழுக்கும், சூடேறி ஒன்னு ப்ரொடெக்ஷன்ல கட் ஆகும், இல்ல அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போயிடும்.

ட்யூப் ஆம்ப் கதையே வேற. நம்ம ஊர்ல பழைய ரேடியோ மெக்கானிக்குங்க வால்வு செட்னு சொல்வாங்களே, அதே டெக்னாலஜி தான். ட்யூபுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் உக்காந்திருக்கும், அது ஒரு குறிப்பிட்ட ஓம்ஸை எதிர்பார்த்து சுத்தினது. அதனால இங்க மினிமம், மேக்ஸிமம் பேச்சே இல்ல, 8-னு போட்டிருந்தா 8 தான் போடணும். ஓம்ஸ் ரொம்ப கூடிப்போனா ட்ரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜ் எகிறும், ரொம்ப குறைஞ்சா ட்யூப் சீக்கிரம் தேயும். சில ஆம்ப் ஒரு படி மேல கீழ இருந்தாலும் பொறுத்துக்கும், ஃபெண்டர்ல எக்ஸ்டர்னல் ஸ்பீக்கர் ஜாக்கே அந்த நம்பிக்கையில தான் வச்சிருக்காங்க, இருந்தாலும் புதுசா வர்றவங்க அதை நம்பி இறங்க வேண்டாம், சரியான ஓம்ஸ்லயே வாங்கிடுங்க, ஏன்னா ஒரே மாடல் ஸ்பீக்கர் 8-லயும் 16-லயும் ஒரே விலைக்கு கிடைக்குது.

இன்னொன்னு, இதை மறக்கவே கூடாது: ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணி வாசிக்காதீங்க. பவர் போறதுக்கு வழி இல்லாம அந்த வோல்டேஜ் திரும்பி ட்ரான்ஸ்ஃபார்மர் மேலயே பாயும், உள்ள இன்சுலேஷன் ஓட்டையாகும், அப்புறம் ட்யூப் சாக்கெட்டுல ஸ்பார்க் வரும். ஸ்பீக்கரை விட ட்ரான்ஸ்ஃபார்மர் மாத்துற செலவு பல நேரம் அதிகம், அதுவும் நம்ம ஊர்ல சரியான ட்ரான்ஸ்ஃபார்மர் கிடைக்கவே அலையணும்.

ப்ளூஸ் ஜூனியருக்கு பதில் நேரா இருக்கு: 12 இன்ச், 8 ஓம்ஸ். ஆர்டர் போடும்போது ஓம்ஸ் எதுன்னு இரண்டு தடவை பார்த்துட்டு க்ளிக் பண்ணுங்க, வெப்சைட்ல 8-ம் 16-ம் ஒரே பக்கத்துல ட்ராப் டவுன்ல தான் இருக்கும்.

பழைய ஸ்பீக்கர், ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சு, ஓம்ஸ் எப்படி கண்டுபிடிக்கிறது

மல்டிமீட்டர் ஒன்னு வேணும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடை இருக்குற எந்த இடத்துலயும் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும், கிட்டார் வாசிக்கிற யாரும் ஒன்னு வச்சிருக்கலாம், கேபிள் செக் பண்ணவும் அதான் உதவும். ஆம்ப் ஆஃப்ல இருக்கட்டும், ஸ்பீக்கர்ல இருந்து ஒயரை கழட்டிடுங்க. மீட்டரை 200 ஓம்ஸ் ரேஞ்சுல வச்சு இரண்டு முனையையும் ஒன்னோட ஒன்னு தொட்டுப் பாருங்க, 0.3, 0.5 மாதிரி ஏதாவது காட்டும், அது மீட்டர் ஒயரோட சொந்த ரெசிஸ்டன்ஸ், அதை கழிச்சுக்கணும். அப்புறம் ஸ்பீக்கர் டெர்மினல் இரண்டுலயும் வைங்க.

8 ஓம்ஸ் ஸ்பீக்கர்னா மீட்டர்ல 8 வராது. 6-ல இருந்து 7 வரைக்கும் தான் காட்டும். 16-க்கு 12, 13 கிட்ட வரும், 4-க்கு 3-ல இருந்து மூணரை. ஏன்னா மீட்டர் அளக்குறது காயில்ல, அதாவது ஸ்பீக்கருக்குள்ள கோனை ஆட்டுற ஒயர் சுருள்ல, இருக்குற வெறும் ஒயரோட டிசி ரெசிஸ்டன்ஸ். ஸ்பீக்கர்ல போட்டிருக்குற 8 ஆடியோ சிக்னல் ஓடும்போது உள்ள இம்பிடன்ஸ், அதாவது மொத்தத் தடை, அதுவும் ஒரே நம்பரா நிக்காது, ஃப்ரீக்வென்சி மாற மாற ஏறி இறங்கும், கோன், அதாவது முன்னாடி தெரியுற பேப்பர் கூம்பு, தானா அதிர்ற இடத்துல பல மடங்கு ஏறிடும். அந்த ஏத்தம் இறக்கத்துல கீழ்ப்பக்கம் வர்ற மதிப்பை ஒட்டித்தான் 8-னு ஒரு பேர் வச்சிருக்காங்க. அதனால 6.5 காட்டுதேன்னு பயப்பட வேண்டாம், அது நல்ல 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்.

மீட்டர்ல இடது ஓரமா வெறும் 1 மட்டும் நின்னா காயில் அறுந்து போச்சு, அந்த ஸ்பீக்கர் செத்துப் போச்சுன்னு அர்த்தம். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இன்னொரு டெஸ்ட்டும் பண்ணுங்க. நடுவுல இருக்குற குமிழைத் தொடாம, இரண்டு கை விரல் நுனியையும் கோனோட எதிரெதிர் பக்கத்துல சமமா வச்சு மெதுவா உள்ள தள்ளி விடுங்க, காதை கிட்ட வச்சு கேளுங்க. சத்தமே இல்லாம வழுக்கிட்டு போய் வரணும். சர்ரு சர்ருன்னு உரசுற சத்தம் கேட்டா காயில் மேக்னட் இடுக்குல இடிக்குது, வாங்காதீங்க. கோன் மாத்தித் தர்ற கடைங்க நம்ம ஊர்ல நிறைய இருக்கு, மைக் செட்காரங்களுக்கு அவங்க தான் உயிர், ஆனா கிட்டார் ஸ்பீக்கர்ல டோனே அந்த பேப்பர் கோனோட எடையிலயும் விறைப்புலயும் தான் இருக்கு, அதே கோன் கிடைக்கலன்னா சத்தம் திரும்பி வரும், டோன் திரும்பி வராது.

இரண்டு, நாலு ஸ்பீக்கர் இருந்தா

கணக்கு கஷ்டம் இல்ல. சீரிஸ்னா, அதாவது ஒன்னுக்கு பின்னாடி ஒன்னா ஒயர் கட்டியிருந்தா, கூட்டுங்க, 8-ம் 8-ம் 16. பேரலல்னா, அதாவது ஒவ்வொன்னும் நேரா ஆம்போட சேர்ந்திருந்தா, ஒரே ஓம்ஸா இருக்குற வரைக்கும், எத்தனை ஸ்பீக்கரோ அதால வகுங்க, 8-ம் 8-ம் 4. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப்ல இப்படித்தான், இரண்டு 8 ஓம்ஸ் பேரலல்ல போய் ஆம்புக்கு 4 ஓம்ஸா தெரியுது. பழைய ஃபெண்டர் 4x10 பேஸ்மேன்ல, அதாவது நாலு 10 இன்ச் ஸ்பீக்கர் உள்ள ஆம்ப்ல, நாலு 8 ஓம்ஸையும் பேரலல்ல போட்டு 2 ஓம்ஸ்க்கு கொண்டு வந்தாங்க, அந்த ஆம்போட ட்ரான்ஸ்ஃபார்மரை அதுக்குன்னே சுத்தியிருக்காங்க, அதைப் பார்த்துட்டு எல்லா ட்யூப் ஆம்பும் 2 ஓம்ஸ் தாங்கும்னு எடுத்துக்காதீங்க.

4x12 கேபினெட்ல, அதாவது நாலு 12 இன்ச் ஸ்பீக்கர் உள்ள பெட்டியில, சீரிஸ் பேரலல் இரண்டையும் கலந்து போடுவாங்க. இரண்டு இரண்டா சீரிஸ்ல கட்டி, அந்த இரண்டு ஜோடியையும் பேரலல்ல சேர்த்தா மறுபடி ஒரு ஸ்பீக்கரோட ஓம்ஸே வந்து நிக்கும். நாலு 16 போட்டா மொத்தம் 16, நாலு 8 போட்டா மொத்தம் 8. மார்ஷல் 1960ஏ கேபினெட்ல பின்னாடி ஒரு ஸ்விட்ச் இருக்கும், மோனோவுல 4 இல்லன்னா 16, ஸ்டீரியோவுல பக்கத்துக்கு 8, எல்லாம் அதே நாலு 16 ஓம்ஸ் ஸ்பீக்கரை வேற வேற மாதிரி சேர்க்குறது தான். அந்த ஸ்விட்ச் எங்க நிக்குதுன்னு பார்த்துட்டு தான் ஹெட்ல, அதாவது ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்ல, ஓம்ஸ் செலக்டரை வைக்கணும், ரிஹர்சல் ஸ்டூடியோவுக்கு போனா முதல் வேலையா இதைப் பாருங்க, முன்னாடி வாசிச்சவங்க எதுல விட்டுட்டு போனாங்கன்னு யாருக்கும் தெரியாது.

வேற வேற ஓம்ஸ் கலக்காதீங்க. 8-ம் 16-ம் பேரலல்ல போட்டா 5.33 வரும், எந்த ஆம்ப்லயும் அப்படி ஒரு ஜாக் இல்ல. அதோட பவரும் சமமா பிரியாது, 30 வாட்ஸ் ஆம்ப்ல 8 ஓம்ஸ்க்கு 20 வாட்ஸ் போகும், 16-க்கு 10 தான் போகும்.

சீரிஸ்ல ஒரு ஆபத்தும் இருக்கு. இரண்டு ஸ்பீக்கர் சீரிஸ்ல இருந்து ஒன்னோட காயில் அறுந்தா இரண்டுமே நின்னுடும், ட்யூப் ஆம்புக்கு ஸ்பீக்கரே இல்லாத மாதிரி ஆயிடும். வாசிச்சுட்டு இருக்கும்போது திடீர்னு சத்தம் நின்னா வால்யூமை ஏத்திப் பார்க்காதீங்க, உடனே ஸ்டாண்ட்பை போடுங்க, ஸ்டாண்ட்பை இல்லன்னா ஆஃப் பண்ணுங்க.

வாட்ஸ்: ஆம்பை விட ஸ்பீக்கர் பெருசா இருக்கணும்

ஹோம் தியேட்டர் டப்பாவுல "2000 வாட்ஸ் பிஎம்பிஓ"ன்னு போட்டிருக்கும்ல, அதையெல்லாம் மனசுல இருந்து எடுத்துடுங்க. கிட்டார் ஸ்பீக்கர்ல நல்ல கம்பெனிங்க தர்றது தொடர்ந்து தாங்குற ஆர்எம்எஸ் வாட்ஸ், அந்த நம்பரை நம்பலாம்.

ஆனா ஆம்ப்ல போட்டிருக்குற வாட்ஸ் க்ளீனா வாசிக்கும்போது உள்ளது. ட்யூப் ஆம்பை முழுசா திறந்து விட்டு டிஸ்டார்ஷன்ல ஓட்டினா சிக்னலோட தலை தட்டையாகி சதுரமா மாறும், உச்சி வோல்டேஜ் அதே தான், ஆனா உச்சியிலயே நிறைய நேரம் நிக்கிறதால கணக்குப்படி பவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரைக்கும் போகலாம். 15 வாட்ஸ் ஆம்ப்ல இருந்து 20, 25 வாட்ஸ் வந்து காயிலை சுட வைக்கும், காயில் சூடாச்சுன்னா பசை இளகும், சுத்து பிரியும், கடைசியில எரியும்.

அதனால ஒரு ஸ்பீக்கர் மட்டும் இருந்தா ஆம்ப் வாட்ஸை விட ஒன்றரை மடங்குல இருந்து இரண்டு மடங்கு வாட்ஸ் உள்ள ஸ்பீக்கரை எடுங்க. ப்ளூஸ் ஜூனியருக்கு 25 வாட்ஸ் செலஸ்டியன் ஜி12எம் கிரீன்பேக் தாராளமா போதும். 15 வாட்ஸ் செலஸ்டியன் ப்ளூவும் போட முடியும், அருமையான ஸ்பீக்கர், ஆனா ஆம்பும் 15 ஸ்பீக்கரும் 15, ஃபுல்லா வச்சு ஓட்டுறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், அதோட விலையைப் பார்த்தா இன்னும் சொல்ல மாட்டேன். வீட்டுல க்ளீனா வாசிக்கிறவங்க தைரியமா போடலாம். வாக்ஸ் ஏசி30 கூட இந்த விளிம்புல பிறந்த ஆம்ப் தான், 30 வாட்ஸ் ஆம்புக்கு இரண்டு 15 வாட்ஸ் ப்ளூ.

நிறைய ஸ்பீக்கர் இருந்தா வாட்ஸைக் கூட்டிக்கலாம், ஒரே ஓம்ஸ்ல இருந்தா பவர் சமமா பிரியும். நாலு கிரீன்பேக் போட்ட 4x12 மொத்தம் 100 வாட்ஸ், நாலு செலஸ்டியன் ஜி12டி-75 போட்டா 300. 100 வாட்ஸ் மார்ஷல் ஹெட்டை முழுசா திறந்து ஒரே ஒரு கிரீன்பேக் 4x12-ல ஓட்டுறது ஸ்பீக்கருக்கு நல்லதில்ல, அது இரண்டு கேப் போட வேண்டிய இடம். வேற வேற வாட்ஸ் ஸ்பீக்கர் கலந்திருந்தா சின்னதை வச்சு கணக்கு போடுங்க. 25-ம் 60-ம் சேர்ந்த 2x12 கேப் 85 வாட்ஸ் இல்ல, 50 வாட்ஸ் தான், ஏன்னா பாதி பவர் 25 மேல போகும்.

ரொம்ப பெரிய வாட்ஸ் ஸ்பீக்கர் போட்டா ஆம்ப் கெட்டுப் போகுமான்னு கேக்குறாங்க. போகாது. 15 வாட்ஸ் ஆம்ப்ல 100 வாட்ஸ் ஜென்சன் சி12கே போட்டாலும் ஆம்புக்கு ஒன்னும் ஆகாது. என்ன, சின்ன வாட்ஸ் ஸ்பீக்கர் அதோட எல்லைக்கு கிட்ட போகும்போது கோன் தானே கொஞ்சம் அழுத்தி, கரகரத்து ஒரு அழகு குடுக்கும்ல, அது பெரிய வாட்ஸ்ல வராது. அந்த கரகரப்பு வேணும்னா கிரீன்பேக் மாதிரி, ஆம்ப்ல இருந்து வர்றது அப்படியே கேக்கணும்னா பெரிய வாட்ஸ். இரண்டும் சரி தான், எது வேணும்னு நீங்க தான் முடிவு பண்ணணும்.

ஒரு சின்ன எச்சரிக்கை, பேர்ல இருக்குற நம்பரை வாட்ஸ்னு நினைச்சுடாதீங்க. செலஸ்டியன் விண்டேஜ் 30 வந்து 60 வாட்ஸ் ஸ்பீக்கர். செவன்ட்டி 80 வந்து 80 வாட்ஸ். ஜி12டி-75 மட்டும் ஒழுங்கா 75.

டெசிபெல்: சத்தம் இங்க தான் இருக்கு

இந்தக் கட்டுரையே இந்த ஒரு பகுதிக்காகத்தான் எழுதுறேன். சென்சிட்டிவிட்டின்னு ஒரு வரி இருக்கும், பக்கத்துல 97, 98, 100, 102-னு ஒரு நம்பர். ஸ்பீக்கருக்கு 1 வாட் குடுத்து 1 மீட்டர் தள்ளி நின்னு அளந்தா எவ்வளவு டெசிபெல் வருதுன்னு அர்த்தம். 97-க்கும் 100-க்கும் பெருசா என்ன வித்தியாசம்னு தோணும், நூத்துல மூணு தானேன்னு. ஆனா டெசிபெல் கணக்கு அப்படி ஓடாது, 3 டெசிபெல் கூடினா ஆம்ப் பவரை இரண்டு மடங்கு ஆக்கினதுக்கு சமம்.

ஜி12டி-75-க்கு 97, கிரீன்பேக்குக்கு 98, விண்டேஜ் 30-க்கும் ப்ளூவுக்கும் 100, எமினென்ஸ் கன்னபிஸ் ரெக்ஸுக்கு 102. இப்ப ப்ளூஸ் ஜூனியரை வச்சு பாருங்க. 97 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்துட்டு 100 டெசிபெல் போட்டா 15 வாட்ஸ் ஆம்ப் 30 வாட்ஸ் ஆம்ப் மாதிரி கேக்கும். 102 போட்டா 5 டெசிபெல் வித்தியாசம், பவர்ல மூணு மடங்குக்கு மேல, 47 வாட்ஸ் ஆம்ப் 97 டெசிபெல் ஸ்பீக்கர்ல ஓடுற அளவுக்கு. ஆம்பைத் தொடவே இல்ல, ஸ்பீக்கர் மட்டும் மாறியிருக்கு. ட்ரம்மரோட சேர்ந்து வாசிக்க 15 வாட்ஸ் பத்தலன்னு புது ஆம்ப் வாங்க காசு சேர்க்குறவங்க முதல்ல இதைச் செஞ்சு பாருங்கன்னு தான் கெஞ்சிக் கேக்குறேன்.

தலைகீழாவும் பயன்படுத்தலாம். ஃப்ளாட்ல இருக்கீங்க, பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது, ஆம்ப் ஒன்னுக்கு மேல போனாலே கத்துதுன்னா டெசிபெல் குறைஞ்ச ஸ்பீக்கர் தேடுங்க, 95, 96-லயும் கிடைக்குது, அப்ப மாஸ்டர் வால்யூமை இன்னும் கொஞ்சம் திறந்து ட்யூபை வேலை வாங்கலாம்.

காது விஷயத்துல இன்னொரு கணக்கும் தெரிஞ்சிருக்கணும். 3 டெசிபெல்ங்கிறது நல்லா கேக்குற வித்தியாசம், ஆனா "இரண்டு மடங்கு சத்தம்"னு காது சொல்றதுக்கு 10 டெசிபெல் கிட்ட வேணும், அதுக்கு பவரை 10 மடங்கு ஆக்கணும். அதனால தான் 50 வாட்ஸ் ஆம்புக்கும் 100 வாட்ஸ் ஆம்புக்கும் மேடையில அவ்வளவா வித்தியாசம் தெரியாது, வெறும் 3 டெசிபெல். 97-ல இருந்து 102-க்கு ஸ்பீக்கர் மாத்துறது அதை விட பெரிய மாற்றம்.

கம்பெனிக்கு கம்பெனி அளக்குற முறை கொஞ்சம் மாறும், அதனால ஒரே கம்பெனி ஸ்பீக்கருங்களுக்குள்ள ஒப்பிடும்போது இந்த நம்பர் ரொம்ப நம்பகமானது, வேற கம்பெனியோட ஒப்பிட்டா ஒரு டெசிபெல் முன்ன பின்ன இருக்கும்னு எடுத்துக்கோங்க.

மிச்ச நம்பருங்க

ஃப்ரீக்வென்சி ரேஞ்சுன்னு 75-ல இருந்து 5000 ஹெர்ட்ஸ் மாதிரி போட்டிருக்கும். வீட்டு ஸ்பீக்கர் 20,000 வரைக்கும் போகுதே, இது என்ன மட்டமான்னு நினைக்க வேண்டாம், கிட்டாருக்கு இப்படித்தான் இருக்கணும். கிட்டாரோட அடி ஈ ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ், அதுக்கு கீழே பெருசா எதுவும் தேவையில்ல. மேல 5000-க்கு அப்புறம் டிஸ்டார்ஷன்ல இருந்து வர்றது வண்டு குடையுற மாதிரி ஒரு இரைச்சல் தான், அதை வெட்டி எறியுறதே கிட்டார் ஸ்பீக்கரோட முக்கியமான வேலை. அதனால மைக் செட்ல இருந்து ஒரு 12 இன்ச் ஸ்பீக்கரை கழட்டி கிட்டார் ஆம்ப்ல போட்டா வேலை செய்யும், ஆனா கிட்டார் மாதிரி இருக்காது. அதே மாதிரி பேஸ் கிட்டாரை கிட்டார் ஸ்பீக்கர்ல சத்தமா வாசிக்காதீங்க, கோன் அவ்வளவு தூரம் முன்ன பின்ன போறதுக்கு செஞ்சது இல்ல, கிழிஞ்சிடும்.

ரெசொனன்ஸ் ஃப்ரீக்வென்சி, கோன் தானா அதிர்ற இடம். 75, 85 மாதிரி இருந்தா அடி சத்தம் இறுக்கமா இருக்கும். 55 மாதிரி இருந்தா அடி ஆழமா, கொஞ்சம் தளர்வா வரும். செலஸ்டியன் ஜி12எச்ல 55 ஹெர்ட்ஸ் கோன், 75 ஹெர்ட்ஸ் கோன்னு இரண்டு வகை உண்டு, பேர் ஒன்னு தான், ஆனா க்ளீன் ப்ளூஸ்காரங்க 55-ஐ தேடுவாங்க, கெயின் ஏத்துறவங்க 75 பக்கம் போவாங்க.

கிராஃப் குடுத்திருந்தா 2000-ல இருந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும் மேடு எவ்வளவு உயரம்னு மட்டும் பாருங்க. அங்க தான் கிட்டார் சத்தம் பேண்டுல மத்த வாத்தியங்களை வெட்டிட்டு வெளிய வருது. விண்டேஜ் 30-ல அந்த மேடு நல்லா தூக்கலா இருக்கும், டார்க்கான ஆம்புக்கு அது வரம், ஏற்கெனவே கூரா இருக்குற ஆம்புக்கு காது வலிக்கும்.

மேக்னட்ல அல்னிகோ, செராமிக், நியோடிமியம்னு மூணு. அல்னிகோ விலை அதிகம், அழுத்தி வாசிச்சா இதமா அமுங்கும்னு சொல்வாங்க, அதுல உண்மை இருக்கு, ஆனா கோன் டோனை மாத்துற அளவுக்கு மேக்னட் மாத்தாதுன்னு தான் எனக்குத் தோணுது. நியோடிமியத்தோட பெரிய லாபம் எடை. விண்டேஜ் 30 கிட்டத்தட்ட அஞ்சு கிலோ, நியோ க்ரீம்பேக் இரண்டு கிலோ. 2x12 காம்போவை, அதாவது ஆம்பும் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில இருக்குறதை, மாடிப்படி ஏத்தி இறக்குறவங்களுக்கு இதை விட நல்ல ஸ்பெக் வேற இல்ல.

மாட்டும்போது

ஆழத்தை அளந்துடுங்க. 12 இன்ச்னா முகம் எல்லாத்துக்கும் ஒரே அளவு தான், ஆனா பின்னாடி மேக்னட் எவ்வளவு நீட்டிட்டு இருக்குன்னு மாடலுக்கு மாடல் மாறும். சின்ன காம்போவுல பெரிய மேக்னட் ட்யூப் மேலயோ ட்ரான்ஸ்ஃபார்மர் மேலயோ இடிக்கும்.

ப்ளக்கை சுவத்துல இருந்தே கழட்டிடுங்க. ட்யூப் ஆம்ப்ல ப்ளக் கழட்டினாலும் சேஸிக்குள்ள, அதாவது ஆம்போட சர்க்யூட் இருக்குற உலோகப் பெட்டிக்குள்ள, கெப்பாசிட்டர்ல நூத்துக்கணக்கான வோல்ட் நிக்கும், ஸ்பீக்கர் மாத்த சேஸியைத் திறக்கத் தேவையே இல்ல, அதனால அந்தப் பக்கம் கையே வைக்காதீங்க. காம்போவை முகம் கீழே படுக்க வச்சு ஸ்பீக்கரை உள்ள இறக்குங்க. இந்த நேரத்துல ஸ்க்ரூ ட்ரைவரை ஜாக்கிரதையா பிடிங்க, மேக்னட் பக்கத்துல போகும்போது கையில இருந்து வெடுக்குன்னு இழுக்கும், நுனி நேரா புது கோன்ல குத்தி ஓட்டை போடும். நட்டை ஒன்னுக்கு எதிர்ல ஒன்னுன்னு மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, ஒரே பக்கம் இறுக்கினா ஃப்ரேம் வளைஞ்சு காயில் உரச ஆரம்பிக்கும்.

இரண்டு ஸ்பீக்கர் இருந்தா ப்ளஸ் மைனஸ் சரியா இருக்கணும். 9 வோல்ட் பெடல் பேட்டரியோட ப்ளஸ்ஸை ஸ்பீக்கர் ப்ளஸ்ல வச்சு, மைனஸை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்க, கோன் வெளிய வரணும். ஒன்னு வெளியவும் ஒன்னு உள்ளயும் போனா ஒயர் மாறியிருக்கு, அப்படியே விட்டா அடி சத்தம் காணாமப் போய் டோன் ஒல்லியாயிடும். பழைய ஜேபிஎல் சிலது இதுக்கு நேர் எதிரா செஞ்சது, அதனால ஸ்டிக்கரை நம்பாம பேட்டரியை நம்புங்க.

ஆம்ப் ஹெட்ல இருந்து கேபினெட்டுக்கு கிட்டார் கேபிள் போடவே கூடாது. பார்க்க ஒரே ஜாக் தான், ஆனா கிட்டார் கேபிள்ல நடு ஒயர் மெல்லிசு, சூடாகி உருகினா ட்யூப் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாம நிக்கும். 1.5 ஸ்கொயர் எம்எம் இரட்டை ஒயர்ல இரண்டு பக்கமும் கால் இன்ச் மோனோ ஜாக் போட்டு சோல்டர் பண்ணா முடிஞ்சுது.

புது ஸ்பீக்கர் முதல் நாள் விறைப்பா, மேல் சத்தம் கூரா இருக்கும். சில வாரம் நல்லா அடி ஸ்ட்ரிங்கோட வாசிச்சு கோனை அசைய விடுங்க, விளிம்பு இளகி சத்தம் உக்காரும், அதுக்கு முன்னாடியே பிடிக்கலன்னு வித்துடாதீங்க. அந்த சில வாரத்துக்குள்ள அதிர்வுல நட்டும் கொஞ்சம் தளரும், ஒரு தடவை பின் பக்கத்தைத் திறந்து திரும்ப முறுக்கிடுங்க, இல்லன்னா ஏதோ ஒரு நோட்ல மட்டும் கட கடன்னு சத்தம் வரும், ஸ்பீக்கர் தான் போச்சுன்னு நினைச்சுடுவீங்க.